வயல் நடுவே ஒரு வட்டம்

காப்பீட்டு மதிப்பீட்டாளர் மக்காச்சோள வயலுக்குள் இறங்கியபோது, ஆலங்கட்டி மழை கிழித்த இலைகள் காலை மூடுபனியில் தூக்கம் கலையாதவை போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

"எல்லாச் செடியையும் எண்ணுவீங்களா சார்?" என்று கேட்டாள் வயலுக்குச் சொந்தக்காரி.

"இல்லம்மா. அங்கங்க பத்துப் பத்து செடி பார்ப்பேன். அதுல ஆலங்கட்டியால எத்தனை போச்சோ, அந்த விகிதத்துக்குத்தான் நஷ்டஈடு."

வயல் நடுவில் அவர் நின்றுவிட்டார். ஒரு வட்டத்துக்குள் மட்டும் செடிகள் மண்ணோடு அழுந்திக் கிடந்தன. மேலே செருப்புத் தடங்கள்.

"இது ஆலங்கட்டி இல்லையே. யாரோ மிதிச்சிருக்காங்க." அவர் குரல் கறாரானது. நஷ்டஈட்டைக் கூட்டுவதற்காகத் தாங்களே பயிரை ஒடித்து வைப்பவர்களை அவர் நிறையப் பார்த்தவர்.

"நாங்கதான் மிதிச்சோம்."

"துணிச்சலாச் சொல்றீங்களேம்மா!"

"மழை கொட்டினப்போ பதறிப்போய் ஓடி வந்தேன் சார். பின்னாலயே வீட்டுக்காரர் பெரிய அண்டாவைத் தூக்கிட்டு வந்து என் தலைக்கு மேல கவிழ்த்துப் பிடிச்சார். அவரும் உள்ள வந்துட்டார். ஆயிரம் மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. 'அடிபட்டுச்சா?'ன்னு கேட்டார்."

அவள் தயங்கினாள்.

"மூணு வருஷமா ஒரே வீட்டுல பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம். அன்னிக்கு மழை விட்டது கூடத் தெரியாம இங்கேயே பேசிட்டு நின்னோம். இதை நஷ்டத்துல சேர்த்துடாதீங்க சார்."

மதிப்பீட்டாளர் கால் படாமல் அந்த வட்டத்தைச் சுற்றி நடந்துபோய், அடுத்த வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார்.