எல்லையில் கூசிய சக்கரங்கள்

பனி காணாத மண்ணில் ஓடவென்று, சக்கரமும் சுருள்வில்லும் பூட்டி, காலில் வாரால் கட்டும் சறுக்குக்கட்டைகளைப் படைத்தவள் இளவேனி. ஓட்டியவர்களின் பழக்கத்தை அவை கற்றுக்கொள்ளும். ஊர் இளைஞர்கள்தாம் ஓராண்டு ஓட்டிப் பழக்கினார்கள். இன்று, மூச்சுத்திணறும் தாய்க்கு மருந்தோடு அவளே ஏறினாள். வறண்ட கண்மாயின் கல்லுக்கும் முள்ளுக்கும் அஞ்சாத சக்கரங்கள், அவள் பிறந்த சேரியின் எல்லையில் கூசி விலகின. மறுபடி திருப்பினாள்; மறுபடியும் விலகின.

“எங்கடி நிக்குற?” செல்பேசியில் தாய் மூச்சிரைத்தாள்.

“எல்லையிலம்மா. கட்டை உள்ள வரமாட்டேங்குது.”

“நாம இன்னாருன்னு அதுக்கு யாருடி சொன்னது?”

வாரை அவிழ்த்தெறிந்து ஓடினாள். மருந்து உள்ளிறங்க, தாய்க்கு மூச்சு திரும்பியது. அப்போதுதான் இளவேனி சன்னல் வழியே பார்த்தாள்: ஆளில்லாத இரு கட்டைகளும் ஊர்க்குளத்தில் இறங்கி, தீட்டுக் கழிய முங்கி முங்கி எழுந்தன.