மாமியாரின் மருந்து

"பெட்டிக்குள்ளே மருந்து இருக்கும்மா. சூடு பட்டா கெட்டுப் போயிடும்" என்றார் ராமசேஷன்.

ஐந்தருவிப் பக்கம் கலர் சோடாவும் பஜ்ஜியும் விற்கும் மங்களேஸ்வரி, அவர் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள். கடை வாசலில் நின்ற மெட்டடார் வேனைப் பார்த்தாள்.

"யாருக்கு சார் மருந்து?"

ராமசேஷன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை.

"என் மாமியாருக்கு" என்றார்.

மாமியார் பிருஹதாம்பாள் அருவியில் குளித்துவிட்டு, வேன் படியில் உட்கார்ந்து, இதே கடையில் வாங்கிய வாழைக்காய் பஜ்ஜியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உண்மையில் பெட்டிக்குள் இருந்தது ஐஸ்கிரீம். மறுநாள் இலத்தூரில் ராமசேஷனின் அண்ணாவுக்கு அறுபதாம் கல்யாணம். பந்தியில் முதல் வரிசைக்கு மட்டும் மெட்ராஸ் ஐஸ்கிரீம் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதற்காகவே நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்த குளிர்பெட்டியை வாங்கினார். வேன் பேட்டரியிலும் ஓடும், வீட்டுக் கரண்டிலும் ஓடும். வேனுக்குள் படுக்கை, ஸ்டவ், தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, "இனிமே நமக்கு லாட்ஜே வேண்டாம்" என்று மார்தட்டிக்கொண்டுதான் கிளம்பினார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஆற அமரக் குளித்து வந்ததில், பெட்டி பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது. டிரைவர் நல்லகண்ணு பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, சார்ஜ் போடத் தென்காசிக்குப் போயிருந்தார். வரச் சாயங்காலம் ஆகும்.

"சீசன்ல இங்கன கரண்டு பாதி உசுராத்தான் வருது சார். ரெண்டு பொட்டி தாங்காது" என்றாள் மங்களேஸ்வரி.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் கடை ஃப்ரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"மருந்துன்னு சொல்லுதீக. கொண்டாந்து மாட்டுங்க."

பெட்டி கடைக்குள் வந்தது. ராமசேஷன் வேனுக்கு ஓடி மனைவியைக் கூப்பிட்டார்.

"நீலா, அம்மாவைக் கொஞ்சம் படுத்துக்கச் சொல்லு. முகத்தை மட்டும் வாட்டமா வச்சுண்டா போதும்."

"பஜ்ஜி?"

"நோயாளி பஜ்ஜி திம்பாளா? வாங்கி உள்ளே வை."

பிருஹதாம்பாள் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்தாள். சற்று நேரத்தில் மங்களேஸ்வரி உப்புப் போட்ட கஞ்சியோடு வந்து நின்றாள்.

"மெதுவா குடிங்க மாமி. சீக்கிரம் சொகமாயிரும்."

பஜ்ஜி வாசனை அடிக்கும் வேனுக்குள் பிருஹதாம்பாள் கஞ்சி குடித்தாள்.

மத்தியானம் சாரல் நின்று வெயில் ஏறியது. குளித்து வந்தவர்கள் ஜில்லென்று கலர் கேட்டார்கள்.

"இன்னைக்கு ஜில்லுன்னு இல்ல. வேன்ல ஒரு மாமிக்கு ஒடம்பு சரியில்ல, அவுக மருந்துக்குக் கரண்டு குடுத்திருக்கேன்" என்று மங்களேஸ்வரி எல்லோரிடமும் சொன்னாள். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

அச்சன்புதூர் காந்திமதிநாதன் போகவில்லை. சூடான கலரைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய பொட்டியில அப்படி என்ன மருந்து? எனக்கென்னமோ பீர் பாட்டிலா இருக்கும்னு தோணுது."

"மருந்தைப் போய் சந்தேகப்படறது பாவம் சார்" என்றார் ராமசேஷன், நிஜமாகவே மனம் புண்பட்டு.

அப்போது மங்களேஸ்வரி தயங்கித் தயங்கி அவரிடம் வந்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி.

"சார், ஒரு ஒதவி. எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை. அவருக்குப் போடுத ஊசி மருந்து நம்ம ஃப்ரிஜ்ஜுலதான் இருந்துச்சு. பானைத் தண்ணிக்குள்ள வச்சுப் பாத்தேன், இந்த வெயிலுக்குத் தண்ணியே சுடுது. மாமி மருந்தோட இதையும் வச்சுக்கிடலாமா? ஐஸ் படாம மேல் தட்டுல வச்சாப் போதும்."

ராமசேஷன் அவசரமாகப் பெட்டி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அதெப்படிம்மா? திறந்தா குளிர் போயிடும். மாமியார் உயிர் சமாச்சாரம்."

"அதுவும் சரிதான். மாமிக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுல்லா. நான் ஈரத் துணியில சுத்தி வைக்கேன்."

அவள் திரும்பினாள். அதற்குள் வேனிலிருந்து இறங்கி, நோயாளி தானாகவே நடந்து கடைக்குள் வந்துவிட்டாள்.

"மாப்பிள்ளை, பெட்டியைத் திறங்கோ."

"இல்லே, அது வந்து..."

"எனக்கு வாங்கின மருந்துதானே? நான் சொல்றேன், திறங்கோ."

காந்திமதிநாதன் எழுந்து வந்தார். ஜில் கலர் கிடைக்காதவர்கள் அவர் பின்னால் கூடினார்கள்.

ராமசேஷன் மூடியை ஒரு சாண் தூக்கினார். அதற்கு மேல் தூக்கக் கை வரவில்லை. மங்களேஸ்வரி குனிந்து உள்ளே பார்த்தாள்.

வரிசையாக அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிண்ணத்தின் படம், கிண்ணத்தில் மூன்று கலரில் ஐஸ்கிரீம், உச்சியில் சிவப்பாக ஒரு பழம்.

அவள் நிமிர்ந்து ராமசேஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

குப்பியைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்தாள்.

"என்ன ஆச்சி, மருந்துதானா?" காந்திமதிநாதன் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்.

மங்களேஸ்வரி மூடியை அழுத்திச் சாத்திவிட்டு, கூட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே வந்து நின்றாள்.

"மருந்துதான் அண்ணாச்சி, பொட்டி நெறைய. பாவம், பெரிய சீக்கா இருக்கும் போல."