எட்டு மார்க் இடைவெளி

பாடம் நடத்தும்போதே டீச்சர் கொட்டாவி விட்டதை டிரைவிங் ஸ்கூல் முதலாளி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அதுவும் ஒரு நாள் இல்லை, மூன்று நாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க அங்கே இரண்டே பேர். காலை பேட்சுக்கு மாஸ்டர், மாலை பேட்சுக்கு டீச்சர். இருந்த இரண்டு கார்களில் ஒன்றை விற்றாயிற்று. இனி ஒருவருக்குத்தான் வேலை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? போன மாசப் பரீட்சையில காலை பேட்ச் சராசரி எழுபத்தி நாலு. மாலை பேட்ச் அறுபத்தி ஆறு," என்றார் முதலாளி. காலை பேட்ச் முடிந்து நாலு மணி நேரம் கழித்து ஆபீசுக்கு வருகிறவர் அவர்.

கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் மருமகள் விடவில்லை. பேட்சுக்கு இருபது பேர்தான், எட்டு மார்க் தற்செயலாகவும் வரலாம், டி-டெஸ்ட் போட்டுப் பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

பி மதிப்பு 0.03 என்று வந்தது.

மூன்று மார்க்தான் வித்தியாசமா என்று முதலாளி கேட்டார். அதில்லை, இரண்டு பேட்சும் உண்மையில் சமம் என்றால் இவ்வளவு இடைவெளி நூற்றுக்கு மூன்று தடவைதான் தற்செயலாக வரும் என்று அவள் விளக்கினாள். அவருக்குத் தலை சுற்றியது.

"அப்போ மாஸ்டர்தான் கெட்டிக்காரர்?"

"வித்தியாசம் இருக்குன்னுதான் இது சொல்லும் மாமா. யாராலன்னு சொல்லாது. அதோட, ரெண்டு பேட்சுக்கும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தா இந்தக் கணக்கை நம்ப முடியாது."

ரிஜிஸ்தரை இரண்டு முறை புரட்டினார்கள். நாற்பது பெயர், நாற்பது ஆள். இரண்டிலும் படித்தவர் ஒருவரும் இல்லை.

முதலாளிக்குப் பாதி புரியவில்லை. தனக்கு வேண்டிய பாதி நன்றாகவே புரிந்துவிட்டது. இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, மாஸ்டரைப் பாராட்டிவிட்டு, டீச்சரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

டீச்சர் கார் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, மாஸ்டரைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள்.

பாராட்டு வாங்கிய மனிதருக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுகிறது என்று மருமகளுக்கு விளங்கவில்லை.

"சார், போன மாசம் பூரா நான் ஆஸ்பத்திரில என் வீட்டுக்காரி கூட இருந்தேன்," என்றார் மாஸ்டர். "லீவு கேட்டா வேலை போயிடும்னு பயம். ரிஜிஸ்தர்ல என் கையெழுத்து மட்டும்தான் சார் இருக்கு."

"அப்போ காலை பேட்சுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

மாஸ்டர் சாவியை எடுத்து டீச்சர் கையில் வைத்தார்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கே வந்துடுவாங்க சார். அந்த எழுபத்தி நாலு அவங்களோடது. சாயங்காலம் நீங்க பார்த்த கொட்டாவிதான் என்னோடது."