மூன்றாவது பழம்

டிரைவர் உள்ளே டயாலிசிஸ் கட்டிலில் வாடிக் கிடக்க, அவர் பெண்டாட்டி வெளியே வராந்தாவில் உட்கார்ந்து மூன்றாவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. நன்றாகக் கனிந்த பழம் என்று டிரைவருக்கு மோப்பத்திலேயே தெரிந்துவிட்டது. இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு டிரிப்பும் முடிந்ததும் இரண்டு பழம், ஒரு டம்ளர் தண்ணீர். அதுதான் அவருக்குச் சாப்பாடு, டானிக் எல்லாம். கண்டக்டருக்கும் ஒன்றை நீட்டி, இதைத் தின்றவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டான் என்று அளப்பார்.

கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு, டாக்டர் முதலில் பிடுங்கியது அந்தப் பழத்தைத்தான். மற்றவர்களுக்கு நல்லது செய்கிற அதன் பொட்டாசியம், இவர் உடம்பில் தேங்கினால் இதயத்தையே நிறுத்திவிடுமாம். வராந்தாச் சுவரில் ஒரு படமே மாட்டியிருந்தார்கள். வாழைப்பழம் ரத்த அழுத்தத்துக்கு நல்லது, ஜீரணத்துக்கு நல்லது, உடனே தெம்பு தரும், இளைத்த உடம்பைத் தேற்றும் என்று வரிசையாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் 'சிறுநீரக நோயாளிகள் தவிர்க்கவும்' என்று இருந்தது. அந்தக் கடைசி வரியைத் தனக்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று டிரைவருக்குக் கோபம் வரும்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். பொருந்துகிற கிட்னி ஒன்று கிடைத்தால்தான் விடுதலை. பெயரைப் பதிந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்படியே ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

மெஷின் சத்தத்தில் கண் சொக்கும். உடனே பஸ் ஓட ஆரம்பித்துவிடும்.

இன்றைக்கும் ஓடியது. மழை விட்ட தெரு, ஜன்னலெல்லாம் வெளிச்சம், உள்ளே ஒரு பயணிகூட இல்லை. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி திரும்பியது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர் பெண்டாட்டியே நின்றாள். ஏறு என்றால் ஏறவில்லை. நீங்க முன்னால போங்க, நான் வர்றேன் என்று சிரித்துக்கொண்டே பழத்தைக் கடித்தாள்.

தங்கச்சியின் குரல் கேட்டுப் பஸ் நின்றது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நர்ஸம்மாவிடம் பொருமிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா நர்ஸம்மா? எங்கண்ணன் துரும்பா இளைச்சுக்கிட்டே போறாரு. அண்ணி மட்டும் பூசினாப்ல ஆயிட்டே வர்றாங்க. ஆறு மாசமா இந்தத் தீனிதான். காலையில ரெண்டு, மத்தியானம் மூணு, படுக்கறப்ப பாலோட ரெண்டு. இந்த மனுஷன் தொட முடியாத பழத்தை இவர் மூக்குக்கு நேரா வெச்சுத் திங்க எப்படித்தான் மனசு வருதோ."

கவலையில் சிலருக்குப் பசி கூடும் என்று நர்ஸம்மா சமாளித்துப் பார்த்தாள். கவலையாம், நல்லா சொன்னீங்க என்று தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கச்சிக்கு வாய் நீளம். பாசமும் நீளம்தான் என்று டிரைவர் எப்போதும் அவளுக்காகப் பரிந்து பேசுவார். அவளுக்கும் இவருக்கும் ஒரே ரத்த குரூப். கிட்னி கொடுக்க முடியுமா என்று பார்க்க டெஸ்ட்டுக்கு வரச் சொன்னபோது, ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்று அழுதுவிட்டாள். இவரே தேற்றி அனுப்பினார். அன்றைக்கே, இனி யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று பெண்டாட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லியும் விட்டார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

ஆனால் இன்றைக்குத் தங்கச்சியின் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆரம்பத்தில் நாலு மணி நேரமும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே பெண்டாட்டி? இப்போது பாதி நேரம் வராந்தாவில் இருக்கிறாள். கன்னம் ஏறியிருக்கிறது, வளையல் இறுகியிருக்கிறது. இவர் போய்விடுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டாளா? பிழைத்துக் கிடக்க வேண்டியவள், சாப்பிடட்டும் என்று பெருந்தன்மையாக நினைக்கப் பார்த்தார். முடியவில்லை. அழுகை வந்தது.

கண்ணை மூடிக்கொண்டார். பஸ் மறுபடி நகர்ந்தது.

நோயாளிகளை நிறுக்கிற எடை மெஷின் கதவுக்கு வெளியேதான் இருக்கிறது. யாரோ அதில் ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டரின் குரல்.

"நாற்பத்தெட்டு. ஆறு மாசத்துல ஏழு கிலோ ஏத்திட்டீங்க. டெஸ்ட்டெல்லாம் அப்பவே பொருந்திடுச்சு, உங்க உடம்பு தாங்காதேன்னுதான் தள்ளிப் போட்டேன். இனிமே பயமில்லம்மா. உங்க கிட்னி ஒண்ணை எடுத்து அவருக்கு வெச்சிடலாம்."

தங்கச்சி சட்டென்று எழுந்து, பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

டிரைவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் இதுவும் கனவாகப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

வெளியே பெண்டாட்டி மெல்லிய குரலில் பேசினாள்.

"நான் சொன்னா வேண்டாம்பார். நீங்கதான் எடுத்துச் சொல்லணும் டாக்டர். அப்புறம், இனிமே நான் இந்தப் பழம் திங்க வேண்டாமில்ல? அதோட வாசனையே எனக்கு ஆகாது. அவருக்கு உசுராச்சேன்னு இத்தனை வருஷமா சொன்னதில்ல."