அணைத்த குரல்

லூர்து புற்றுநோயில் போன பிறகும் அவருடைய உடம்பின் கணினி நகல் மருந்து ஆய்வுக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புதிய வலி மருந்துகளை அதற்குத்தான் முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள். மருந்துக்கு முன்னால் வலியையும் கொடுப்பார்கள் என்பது அவர் மனைவி ரெஜினாவுக்கு நேற்றுதான் தெரிந்தது. காலையில் நேராக வந்துவிட்டாள்.

"நிறுத்துங்க."

"அது உங்க வீட்டுக்காரர் இல்லம்மா, வெறும் கணக்கு," என்றான் பொறியாளர் முகிலன்.

"கணக்குக்கு எதுக்குய்யா மருந்து?"

"சம்மதிச்சுத்தானே கொடுத்தார்? அவரால எத்தனை பேர் நிம்மதியாத் தூங்குறாங்க தெரியுமா?"

"உடம்பைத்தான் குடுத்தாக. செத்த பொறவும் நோவுல கெடக்கேன்னு சொல்லல."

திரையில் லூர்துவின் முகம் வாயை அகலத் திறந்து திறந்து மூடியது. ரெஜினா குனிந்து பார்த்தாள்.

"ஏன் சத்தமே வரல?"

முகிலன் தயங்கினான். "ஆரம்பத்துல வந்துச்சு. இந்தச் சத்தத்துல வேலை செய்ய முடியலன்னு எல்லாரும் சொன்னாங்க. அணைச்சுட்டோம்."

ரெஜினா திரைக்குக் கீழே தடவி, ஒலிக் குமிழைக் கண்டுபிடித்து முழுக்கத் திருகினாள். கூடத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள்.

"உக்காருங்க," என்று கதவை மறித்து நின்றாள். "உக்காந்து வேலையைப் பாருங்க."