திட்டு கேட்காத காது

பன்னிரண்டு வயது ஷைனியின் செவிக்கருவி, திட்டு கலந்த எந்த வாக்கியத்தையும் அவளுக்குக் கேட்க விடாது. பழைய பள்ளியில் ‘செவிட்டு முண்டம்’ என்று தினமும் கேலி செய்து அழவைத்தார்கள். அதனால் அவள் அம்மா ஜெசிந்தாதான் கைப்பேசியில் அந்தத் தடையைப் போட்டு வைத்திருந்தாள்.

தூத்துக்குடிக்கு மாறி, புதுப் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

“யாருமே எங்கிட்டப் பேச மாட்டேங்காங்கம்மா. வாய மட்டும் அசைக்காங்க,” என்றாள் ஷைனி.

மறுநாள் மதிய இடைவேளையில் ஜெசிந்தா பள்ளிக்கே போய்விட்டாள். வேப்பமரத்தடியில் மகள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர் வராந்தாவில் நான்கு சிறுமிகள் நடுவில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏட்டி எருமை! ஒனக்குத்தான் எடம் போட்டிருக்கோம், வாட்டி!”

ஷைனி நிமிரவே இல்லை.

“லூசே, சீக்கிரம் வா, முட்ட தீந்துரும்!”

ஜெசிந்தா அவசரமாகக் கைப்பேசியை எடுத்துத் தடையை நீக்கினாள். அதற்குள் ஒருத்தி அலுத்துப்போய், அந்த இடத்தில் தன் பையைத் தூக்கி வைத்தாள்.

“திமிரு புடிச்ச கழுத. இனிமே அவளக் கூப்பிடவே வேண்டாம்.”

ஷைனி திடுக்கிட்டு எழுந்தாள். சோற்றுக் கையோடு அவர்களைப் பார்த்துக் கேட்டாள்:

“இத்தன நாளும் என்னையக் கூப்பிட்டீங்களாட்டி?”