சுவருக்கு அந்தப் பக்கம்

"நான் வரலை ஃபிடெல்மா. உயிரோட இருந்தப்ப அந்தம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. செத்தப்புறம் போய் நின்னு என்ன?"

"பக்கத்து வீட்டுச் சாவுப்பா. இதுக்குப் போகலைன்னா, நாளைக்கு உன் சாவுக்கு இந்த எனிஸ் ஊர்ல ஒருத்தன் வர மாட்டான். கிளம்பு!" கோட்டை எடுத்து நீட்டினாள் ஃபிடெல்மா.

சென்யோ கானாவிலிருந்து அயர்லாந்துக்கு வந்த மேளக்காரன். தோழி ஃபிடெல்மா வேலை பார்க்கும் பள்ளியில் பிள்ளைகளுக்கு மேளமும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கிறான். ஊர்வலமோ விழாவோ, எனிஸில் அவன் இல்லாமல் நடப்பதில்லை. ஆனால் சொந்த வீட்டில் அவன் மேளத்தைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

குடிவந்த அன்று சாயங்காலம் ஆசையாக வாசிக்க உட்கார்ந்தான். கை சூடாவதற்குள் பக்கத்து வீட்டு டீலியா கிழவி சுவரில் டொக் டொக்கென்று இடித்தாள். அப்படியே நிறுத்திவிட்டான். மறுநாளும் அதே கதை. சத்தம் என்று சொல்லித்தான் முந்தைய வீட்டைக் காலிசெய்ய வைத்திருந்தார்கள். வம்பு எதற்கு என்று மேளத்தைப் பள்ளிக்கே கொண்டுபோய்விட்டான்.

டீலியா கடலோரக் கிராமத்திலிருந்து வந்து தனியாக இருந்தவள். அதிகம் வெளியே வரமாட்டாள். வாசலில் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

'என் நிறம் பிடிக்கலை, வேறென்ன?' என்று சென்யோவும் விட்டுவிட்டான்.

டீலியா வீட்டு முன்னறையில் சவப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே டீலியா, ஜெபமாலை சுற்றிய கைகளோடு, ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். அவள் மகள் நோரீன் லிமெரிக்கிலிருந்து வந்திருந்தாள். டீக் கோப்பையை அவனிடம் கொடுத்தவள் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே சென்யோ? அம்மா போன்ல உங்களைப் பத்திப் பேசாத நாளில்லை."

அவனுக்குச் சுருக்கென்றது. "தெரியுங்க. வந்த புதுசுல சத்தம் போட்டுட்டேன். சுவரை இடிச்சதும் நிறுத்திட்டேன். போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருக்கணும். கேட்கலை."

"மன்னிப்பா? எதுக்கு?"

"அவங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சே..."

நோரீன் பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் காலத்துல எங்க ஊர்ப் பக்கம் ஆட்டம்னா எங்கம்மா மேளம்தான். மூட்டுவாதத்துல விரல் மடங்கிப்போச்சு, அதனால கைத்தடியை எடுத்து சுவர்ல உங்களோட சேர்ந்து தாளம் போட்டிருக்காங்க. 'நான் கூடச் சேர்ந்தது அவருக்குப் பிடிக்கலைடி, மேளத்தையே வெளியே கொண்டுபோயிட்டார், இனி எந்த முகத்தோட அவரைப் பார்ப்பேன்'னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க."